நம் காலடியில் யாருடைய உழைப்பு?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சப்பாத்து வாங்குவதிலும் தர்மம் பார்க்க வேண்டுமா?" இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. வீட்டில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். "செருப்பு வாங்கப் போனால் விலையைப் பார்ப்போம், அளவைப் பார்ப்போம், தையல் கெட்டியா என்று இழுத்துப் பார்ப்போம். தர்மத்தை எங்கே பார்ப்பது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பத்தில், பள்ளி திறக்கும் நேரத்தில் காலணிக்கு மட்டும் எவ்வளவு வெள்ளி போகிறது என்பது எனக்கும் தெரியும்.

ஆனாலும் இந்தக் கேள்வியை மற்றவர்கள் சிரித்துத் தள்ளலாம், நாம் தள்ள முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

சப்பாத்துக்குள்ளே மூன்று படங்கள்

வீட்டுக்குப் போனதும் உங்கள் சப்பாத்தைக் கையில் எடுத்து, உட்புறத்தையும் அடிப்பாகத்தையும் பாருங்கள். பல சப்பாத்துகளில் சின்னச் சின்னப் படங்கள் அச்சிடப்பட்டிருக்கும். விரித்த ஆட்டுத்தோல் போன்ற படம் இருந்தால் அது தோல். பின்னிய வலை போல் இருந்தால் துணி. சாய்சதுரம் இருந்தால் ரப்பர், பிளாஸ்டிக் போன்ற வேறு பொருள். மேற்பாகம், உட்பாகம், அடிப்பாகம் என்ற மூன்றுக்கும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1994ஆம் ஆண்டு கொண்டுவந்த விதி அது. அங்கே விற்கும் சப்பாத்து எதனால் ஆனது என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வந்தது.

எதனால் ஆனது என்பதைச் சொல்ல ஒரு படம் உண்டு. யாரால் ஆனது என்பதைச் சொல்ல ஒரு படமும் இல்லை. அந்த இல்லாத படத்தைத் தேடினால் நம் சொந்தக் கதை கிடைக்கிறது. அடிப்பாகத்து ரப்பரிலிருந்து ஆரம்பிப்போம்.

வெறுங்காலோடு பால் வெட்டியவர்கள்

1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். மோட்டார் வண்டி வந்தது. டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. தையலும் ஆணியும் இல்லாமல் துணியோடு ஒட்டிக்கொள்ளும் ரப்பர் அடிப்பாகம் வந்தது. கேன்வாஸ் சப்பாத்து உலகமெங்கும் பரவியது. சில பத்தாண்டுகளிலேயே உலக ரப்பரில் ஏறக்குறைய பாதியை மலாயா கொடுத்தது.

அந்தப் பாலை வெட்டிய கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். வட ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டிக்கொண்டு வந்தார்கள். கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கிடைத்தது. வந்தவர் கணக்கில் கடன் ஏறியது.

நான் உங்களை நினைத்துப் பார்க்கச் சொல்வது அவர்களுடைய பாதங்களை. 1915 முதல் 1917 வரை அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய மருத்துவக் குழு ஒன்று மலாயா, ஜாவா, ஃபிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழு நோயை ஆராய்ந்தது. கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் போகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. சோகை, களைப்பு, பிள்ளைகளுக்கு வளர்ச்சிக் குறைவு எல்லாம் அதனால் வந்தன. கழிப்பிட வசதி இல்லாத லயன்வீடுகளிலும், விடியற்காலையில் பனியில் நனைந்த கித்தாக் காட்டிலும், வெறுங்காலோடு நடந்தவர்களை அந்த நோய் பிடித்தது.

உலகத்துக்கெல்லாம் சப்பாத்துக்கு ரப்பர் கொடுத்தவர்களுக்குக் காலில் சப்பாத்து இல்லை. அது இல்லாததாலேயே அவர்களுக்கு நோய் வந்தது. லண்டனிலும் நியூயார்க்கிலும் ரப்பர் சப்பாத்து வாங்கியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் நம்மைப் போல விலையைப் பார்த்தார்கள், அளவைப் பார்த்தார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். யார் வெட்டிய பால் என்று கேட்கத் தோன்றவில்லை.

சைக்கிளை விட்டு இறங்க மறுத்த கிள்ளான்

வாங்குபவர் கேட்காதபோது உழைப்பவரே கேட்டார். அது நடந்த இடம் நம் கிள்ளான், ஆண்டு 1941.

ஐரோப்பாவில் போர் மூண்டிருந்த நேரம். ரப்பருக்கு நல்ல கிராக்கி. தோட்ட நிறுவனங்களுக்கு வருமானம் கூடியது. கூலி அதற்கேற்ப ஏறவில்லை. அதே வேலைக்குச் சீனத் தொழிலாளி வாங்கிய சம்பளத்தைவிடத் தமிழ்த் தொழிலாளி வாங்கியது குறைவு. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தொழிலாளர்களைத் திரட்டியது. அதன் முன்னணியில் நின்றவர் ஆர்.எச்.நாதன். தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றியவர். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன அந்த நாளிதழை இங்கே பலர் எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்திருப்பீர்கள்.

அந்தத் தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியலை இன்று படித்தாலும் மனம் கனக்கிறது. சீனர்களுக்கு இணையான சம்பளம் கேட்டார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டார்கள். மருத்துவ வசதி கேட்டார்கள். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை முறையை ஒழிக்கச் சொன்னார்கள். தோட்ட மேலாளர்களும் அலுவலர்களும் பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரையையோ கிராணியையோ எதிரே கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள்.

கூலிக் கணக்கோடு அந்தச் சைக்கிளும் ஏன் சேர்ந்தது? மனிதனாக நடத்து என்று கேட்பதற்கு அவர்களுக்குக் கிடைத்த எளிய வார்த்தை அது.

1941 மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுதலை செய்யக் கோரி வேலைநிறுத்தம் கிள்ளானைத் தாண்டி சிலாங்கூர் தோட்டங்களில் பரவியது. அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்திறங்க, எல்லாம் வேறு திசையில் போய்விட்டது.

இன்று கிள்ளானிலிருந்து காப்பார் வழியாகவோ மேரு வழியாகவோ போனால், தோட்டங்கள் இருந்த நிலத்தில் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. அந்த மண்ணின் ரப்பரில்தான் உலகம் நடந்தது என்பதற்கு ஓர் அடையாளமும் நம் கண்ணில் படுவதில்லை.

பாலாற்றங்கரையின் விலை

அடிப்பாகம் முடிந்தது, மேற்பாகத்துக்கு வருவோம். தோல் சப்பாத்து என்றால் நம் மூதாதையர் கப்பலேறிய வட ஆற்காட்டுக்கே திரும்பிப் போக வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய பாலாற்றங்கரை ஊர்கள்தாம் இந்தியத் தோல் ஏற்றுமதியின் பெரிய மையங்கள்.

முற்காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுத் தோலைப் பதப்படுத்தினார்கள். வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பில் பதப்படுத்தினால் வேலை சீக்கிரம் முடியும். தோலும் மென்மையாக வரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அந்த முறையைச் சோதித்துப் பரப்பினார். சென்னையின் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் ஆலையால்தான். 1970களில் பச்சைத் தோலாக விற்காமல் முடித்த பொருளாக விற்க வேண்டும் என்று இந்திய அரசு கொள்கை வகுத்தது. ஆலைகள் பெருகின, வேலைவாய்ப்பும் பெருகியது. கழிவு நீர் பாலாற்றிலும் விளைநிலத்திலும் பாய்ந்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலை முடித்தெடுக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், குரோமிய முறையில் சுமார் 170 வகை இரசாயனங்கள் பயன்படுகின்றன என்றும், தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானது என்றும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு உறுதி செய்தது.

நல்ல தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு வந்தவுடன் ஆறு திரும்பி வரவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் அதே வேலூர் விவகாரத்தில் இழப்பீடு கொடுக்கவும் நிலத்தையும் நீரையும் சீராக்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் ஓடியவை 28 ஆண்டுகளுக்கும் மேல்.

ஆம்பூர் வட்டாரத்தில் இன்னொரு உழைப்பும் உண்டு. அது கண்ணுக்கே தெரியாது. பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சப்பாத்தின் மேற்பாகத்தைக் கையால் தைக்கிறார்கள். ஜோடிக்குச் சில ரூபாய் கூலி. ஆலையின் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்காது, சேமநிதி இருக்காது. அவர்கள் தைத்த சப்பாத்து ஐரோப்பியக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்காருகிறது.

இங்கே புதிய கங்காணிகள்

இதெல்லாம் வேறு காலம், வேறு ஊர் என்று நினைக்கிறவர்களுக்கு, நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் இரண்டு செய்திகள்.

2008ஆம் ஆண்டு ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி ஒன்று, நைக்கி நிறுவனத்துக்கு டி-சட்டை தைத்துக் கொடுத்த மலேசியத் தொழிற்சாலை ஒன்றின் நிலையைப் படம்பிடித்துக் காட்டியது. அங்கே வேலை செய்தவர்கள் வங்காளதேசம், வியட்நாம், மியன்மார் நாட்டுத் தொழிலாளர்கள். கடப்பிதழ்கள் அவர்கள் கையில் இல்லை. நெரிசலான தங்குமிடம். வேலைக்கு வரவே முகவர்களுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டியிருந்தார்கள். நைக்கி அதை மறுக்கவில்லை. கடப்பிதழ்களைத் திருப்பிக் கொடுக்கவும், முகவர் கட்டணத்தை ஈடு செய்யவும், வேறு தங்குமிடத்துக்கு மாற்றவும், ஊருக்குப் போக விரும்புகிறவர்களுக்குப் பயணச்சீட்டு கொடுக்கவும் ஏற்பாடு செய்தது.

அடுத்தது சப்பாத்து இல்லை, கையுறை. ஆனால் அதே ரப்பர், அதே கிள்ளான். 2020 ஜூலையில் டாப் குளோவ் குழுமத்தின் இரண்டு நிறுவனங்கள் தயாரித்த கையுறைகளை அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்புக் காரணத்துக்காகத் தடுத்து நிறுத்தியது. 2021 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. அதற்குள், வேலைக்கு வருவதற்காகத் தொழிலாளர்கள் கட்டியிருந்த கட்டணத்தை ஈடு செய்ய அந்தக் குழுமம் நூறு மில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

முகவர், தலைக்கு ஒரு தொகை, வருமுன்பே ஏறிய கடன், திரும்பிப் போக முடியாத நிலை. இதை எங்கோ கேட்டிருக்கிறோமே! நம் தாத்தா பாட்டி சொன்ன கதை இது. பெயர்தான் மாறியிருக்கிறது. அன்று கங்காணி; இன்று ஏஜெண்டு. அன்று சேலத்துக்காரர், இன்று டாக்காக்காரரும் நேப்பாளியும். அன்று நாம் லயன்வீட்டில் இருந்தோம். இன்று கடையில் காசு கொடுக்கும் பக்கத்தில் நிற்கிறோம். அதனால்தான் இந்தக் கேள்வியை நாம் தள்ள முடியாது என்று ஆரம்பத்திலேயே சொன்னேன்.

வாங்காமல் இருந்தால் போதுமா?

"அப்படியானால் அந்தச் சாமான்களையே புறக்கணித்துவிடலாமே" என்று சிலர் சொல்வார்கள். வரலாறு இதற்கு இரண்டு பாடங்களைச் சொல்கிறது.

1791இல் அடிமை வாணிபத்தை ஒழிக்கும் மசோதா பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தோற்றது. உடனே வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். அடிமைகள் விளைவித்த சீனியைச் சாப்பிடாதீர்கள் என்றார். இலட்சக்கணக்கானோர் சீனியை விட்டார்கள். வீட்டுக்குச் சாமான் வாங்கும் பெண்கள் முன்னின்று நடத்திய இயக்கம் அது. பயனீட்டாளரின் மனசாட்சி அரசியலானது அப்போதுதான். 1807இல் அடிமை வாணிபமும் 1833இல் அடிமை முறையும் சட்டத்தால் ஒழிந்தன. சரி, கரும்புத் தோட்டத்தில் வேலை செய்ய அடுத்து யார் வந்தார்கள்? 1834 முதல் மொரீஷியஸுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். அதே முறை மலாயாவுக்கும் வந்தது. இங்கே 1910 வரை இருந்தது. சீனியில் அடிமை இல்லை என்றதும் பெரும்பாலானோர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கேள்வி நின்ற இடத்தில் நம் கதை ஆரம்பித்தது.

இரண்டாவது பாடம் பாகிஸ்தானின் சியால்கோட்டிலிருந்து. அங்கே சிறுவர்கள் காற்பந்து தைக்கும் படம் 1996இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்து உலகையே உலுக்கியது. 1997இல் ஒப்பந்தம் போட்டார்கள். தையல் வேலையை வீடுகளிலிருந்து கண்காணிப்பு உள்ள மையங்களுக்கு மாற்றினார்கள். பிள்ளைகளுக்கு அது நல்லது. ஆனால் வெளியே போய் வேலை செய்ய முடியாத பல பெண்கள், வீட்டில் கிடைத்த வருமானத்தை இழந்தார்கள். ஆக, ஆம்பூர்த் தோலை யாரும் வாங்காதீர்கள் என்று நான் மேடையிலிருந்து சொன்னால், முதலில் பட்டினி கிடப்பது திண்ணையில் தைக்கிற அந்தப் பெண்தான். முதலாளி அல்ல.

பாதி வழியில் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் பயன் தருகிறது. 1992இல் இந்தோனேசியச் சப்பாத்துத் தொழிலாளியின் சம்பளச் சீட்டை அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் ஜெஃப் பாலிஞ்சர் வெளியிட்டார். ஆறு ஆண்டு விடாத கேள்விக்குப் பிறகு, 1998 மே மாதம் நைக்கி தலைவர் ஃபில் நைட் தம் நிறுவனத்தின் பெயர் கெட்டுப்போனதை மேடையிலேயே ஒப்புக்கொண்டு, குறைந்தபட்ச வயதை உயர்த்துவதாக அறிவித்தார். 2005இல் அந்த நிறுவனம் தன் ஒப்பந்தத் தொழிற்சாலைகளின் பட்டியலை வெளியிட்டது. பட்டியல் வந்ததால் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2008 சம்பவம் அதற்குப் பிறகுதான் நடந்தது. ஆனால் கேட்கப் போகிறவருக்கு முகவரி கிடைத்தது.

நம்மால் ஆவது என்ன?

முதலில், கேள்வி கேட்கக் காசு தேவையில்லை. பெரிய நிறுவனத்தின் சப்பாத்து என்றால், தொழிற்சாலைப் பட்டியலை வெளியிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் கடிதமோ மின்னஞ்சலோ எழுதிக் கேளுங்கள். எந்தத் தொழிற்சாலை? தொழிலாளர் கடப்பிதழ் யார் கையில்? முகவர் கட்டணத்தை யார் கட்டினார்? இந்த மூன்று கேள்விகள் போதும். மலேசியச் சட்டப்படியே அடுத்தவர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது குற்றம். கட்டாய உழைப்புக்கு எதிரான அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 2014ஆம் ஆண்டு நெறிமுறையை நம் நாடு 2022இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே நாம் சலுகை கேட்கவில்லை, சட்டத்தைக் கேட்கிறோம்.

அடுத்து, தனியாளாகக் கேட்பதைவிடச் சேர்ந்து கேட்பது நல்லது. பயனீட்டாளர் இயக்கத்துக்கு மலேசியா உலகத்துக்கே வழிகாட்டிய நாடு. எஸ்.எம்.முகமது இத்ரிஸ் நெடுங்காலம் தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தமிழிலும் ஏடு நடத்தி நம் வீடுகளுக்கு வந்தது. மார்ச் 15ஆம் நாளை உலகப் பயனீட்டாளர் உரிமை நாளாக 1983 முதல் உலகம் கடைப்பிடிப்பதற்குக் காரணமானவர் அன்வார் ஃபசால் என்ற மலேசியர். கெட்டுப்போன சாமானுக்குப் புகார் கொடுக்கக் கற்றுக்கொண்டோம். அதைச் செய்தவரின் நிலைக்கும் புகார் கொடுக்கக் கற்றுக்கொள்வோம்.

மூன்றாவது, குறைவாக வாங்கி நிறைய நாள் போடுவது. ஆறு மாதத்தில் வாய் பிளக்கும் மலிவுச் சப்பாத்தை இரண்டு முறை வாங்குவதைவிட, அடி மாற்றிப் போடக்கூடிய ஒன்றை ஒரு முறை வாங்கினால் பணமும் மிச்சம். பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ தீபாவளிக்குச் சாமான் வாங்கப் போகும்போது, ஐந்தடிப் பாதையில் உட்கார்ந்து சப்பாத்து தைப்பவரைக் கண்டால் பழையதைக் கொடுத்துத் தைத்து வாங்குங்கள். யார் உழைப்பு என்று முகம் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய காலணி வேலை இன்று அநேகமாக அது ஒன்றுதான். அந்தத் தொழிலைச் செய்பவரை நம் சமுதாயம் சாதி சொல்லித் தாழ்த்திய கதையும் உண்டு. அவரிடம் "அண்ணே" என்று அழைத்து, கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்பதும் இந்தத் தலைப்புக்குள் வரும் தர்மம்தான்.

கடைசியாகப் பிள்ளைகள். நம் தலைமுறை வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வெள்ளை பூசி வெயிலில் காயவைத்தது. 2021 முதல் பள்ளிச் சப்பாத்து கறுப்பு என்று ஆனது. பூசும் வேலை போய்விட்டது. அடுத்த முறை புதுச் சப்பாத்தை மாட்டிவிடும்போது, உன் பூட்டி வெறுங்காலோடு கித்தாக் காட்டில் நடந்து இந்த ரப்பரை உலகத்துக்குக் கொடுத்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இன்று இதைச் செய்தவர் யார் என்று பிள்ளையே திருப்பிக் கேட்கும்.

என்னைக் கேட்டவர்களுக்கும் அதே பதில்தான். விலையைப் பாருங்கள், அளவைப் பாருங்கள், தையலை இழுத்துப் பாருங்கள். கூடவே ஒரு நிமிடம், அதைத் தைத்த கையையும் நினைத்துப் பாருங்கள். நம் பாட்டன் பூட்டிக்காக அன்று யாரும் கேட்காத கேள்வியை, இன்று இன்னொருவர் பாட்டன் ஆகப்போகிறவருக்காக நாம் கேட்போம்.